கனெக்டர் லாக்: எதை எரர் என்பது, ட்ரேஸை எப்போது திறப்பது?

கட்டபெட்டு_கணினி

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்லீஃப் பேக்டரியின் (விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஆலை) கனெக்டர் பற்றிய கேள்வி. கொழுந்து வாங்கிச் சேர்க்கும் 12 லீஃப் ஷெட்டில் போனில் எடை பதிந்து சீட்டு போடுகிறார்கள். சிக்னல் கிடைத்ததும் சீட்டு பேக்டரி கணினிக்கு வரும். அங்கே பைத்தானில் எழுதிய கனெக்டர் அதை எக்ஸ்எம்எல் ஆக்கி டேலி கணக்கு மென்பொருளுக்கு வவுச்சராகத் தள்ளும். பேக்டரி வாசல் தராசு தனி. அது சீரியல் கேபிளில் அதே கணினிக்கு வருகிறது. நாளுக்கு 1,800 சீட்டு வரை, கொழுந்து குவியும் மாதங்களில் 3,000.

லாக் என்பது கனெக்டர் தன் வேலையை வரிவரியாக எழுதி வைக்கும் பதிவு; லெவல் என்பது எவ்வளவு முக்கியமான வரியிலிருந்து எழுதுவது என்ற அளவு. லெவலை எரரில் வைத்தால், ஒரு விவசாயி வந்து "என் சீட்டு கணக்கில் ஏறலை" என்று நிற்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எழுதும் ட்ரேஸில் வைத்தால் சி டிரைவ் நிரம்பி டேலியே நின்றுவிடுகிறது. நடுவில் உள்ள டீபக், இன்போ, வார்னிங் மூன்றையும் கோட் எழுதிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

குந்தா_பவர்ஹவுஸ்

பிரிக்க ஒரே கேள்வி போதும்ங்க: இந்த வரியைப் பார்த்து யார் எழுந்து போகணும்?

எரர் என்றால், இந்தச் சீட்டு இனி தானாக ஏறாது, ஆள் கை வைத்தால்தான் ஏறும். விவசாயியின் லெட்ஜர் பெயர் டேலியில் இல்லை, எடை மைனஸில் வந்திருக்கிறது, தேதி வேறு நிதியாண்டில் விழுகிறது, இந்த மாதிரி. வார்னிங் என்றால் தானாகச் சரியாகிவிடலாம், நீடித்தால் ஆள் வேணும். இன்போ சீட்டின் கட்டங்களுக்கு மட்டும்: வந்தது, சரிபார்த்தது, அனுப்பியது, ஏறியது. ஒரு சீட்டுக்கு நாலு வரிக்கு மேல் இன்போவில் இருக்கவே கூடாது. டீபக்கில் முடிவுக்கான காரணம் வரணும்: எந்த மாத விலையை எடுத்தது, ஈரத்துக்கு எத்தனை சதவீதம் கழித்தது, எந்த லெட்ஜரைத் தேர்ந்தது. ட்ரேஸ் என்பது போன பைட்டும் வந்த பைட்டும், அலங்காரம் இல்லாமல் அப்படியே. கனெக்டரே எழ முடியாத நிலை, அதாவது டேட்டாபேஸ் திறக்கவில்லை, கான்பிக் பைல் இல்லை என்பதற்குத்தான் கிரிட்டிக்கல்.

ஒரு விஷயம். பைத்தான் லாகிங்கில் ட்ரேஸ் என்று ஒரு லெவல் கிடையாது. டீபக் 10, இன்போ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. 5 என்ற எண்ணுக்கு நீங்களே ட்ரேஸ் என்று பெயர் கொடுத்துக்கொள்ளணும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் உள்ள பழைய ட்ரேஸ்லெவலில் ஆஃப் 0, எரர் 1, வார்னிங் 2, இன்போ 3, வெர்போஸ் 4 என்று ஏறும். லினக்ஸ் பக்கம் வழங்கும் சிஸ்லாக் முறையில் 0 தான் உச்ச அவசரம், 7 டீபக். போன் ஆப் ஒரு மொழி, கனெக்டர் இன்னொரு மொழி என்றால் லாகில் எண்ணை மட்டும் எழுதாதீங்க, பெயரையும் சேர்த்து எழுதுங்க. வெறும் "4" என்பதை ஒருத்தர் வார்னிங் என்பார், இன்னொருத்தர் எல்லாமே என்பார்.

கூடலூர்_மழை

குந்தா அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. தானாகச் சரியாகலாம் என்றால் வார்னிங் என்கிறார். அந்தக் கணக்கில் "டேலி பதில் சொல்லவில்லை" என்பதைச் சீட்டுக்கு ஒரு வார்னிங்காக எழுதினால் என்ன ஆகும்? ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் லைன் போனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. காத்திருக்கும் 400 சீட்டும் தலைக்கு ஒரு வார்னிங் போடும், மறுமுயற்சிக்கு மறுமுயற்சி போடும். கடைசியில் வார்னிங் என்று ஒரு லெவல் இருப்பதையே ஆபீஸில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

மறுமுயற்சி என்பது கனெக்டரின் அன்றாட வேலை. அது டீபக். கனெக்டர் எழுதப் பயன்படும் அப்பாச்சி கேமலில் டிபால்ட்டே அப்படித்தான்: ஒவ்வொரு மறுமுயற்சியும் டீபக்கில், எல்லா முயற்சியும் தீர்ந்துபோனால் மட்டும் எரரில். வார்னிங் வரவேண்டியது தொடர்பு அறுந்த அந்த நிமிடத்துக்கு ஒன்று. திரும்ப வந்ததும் இன்போவில் ஒன்று: எத்தனை நிமிடம் அறுந்திருந்தது, எத்தனை சீட்டு தேங்கியது.

குந்தா_பவர்ஹவுஸ்

ஒப்புக்கொள்கிறேன், கேமலோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்து. அதில் மறுமுயற்சி எண்ணிக்கையின் டிபால்ட் 0. நீங்கள் எண் கொடுக்காதவரை முதல் தோல்வியே நேராக எரர்தான்.

தொடர்பு அறுந்ததைச் சீட்டு அளவில் கவனிக்காமல் கனெக்டர் அளவில் கவனிக்கணும். டேலி கதவைத் தட்ட ஒரே ஆள் போனால் போதும், 400 பேரும் வரிசையாகப் போய்த் தட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு ஆளும் 5 நொடி, 10, 20, 40 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகணும், இடைவெளி 15 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளணும்.

அரவேனு_எக்ஸ்எம்எல்

கட்டபெட்டு நண்பரின் சி டிரைவ் ஏன் நிரம்பியது என்பதற்கு ஒரு கணக்கு. ட்ரேஸில் ஒரு சீட்டுக்குப் போகிற எக்ஸ்எம்எல், வருகிற பதில், ஹெடர், டேட்டாபேஸ் வரிகள் எல்லாம் சேர்ந்து 12 கேபி என்று வையுங்கள். 3,000 சீட்டுக்கு 36 எம்பி. இது ஒன்றுமே இல்லை, வருடம் முழுக்க வைத்தாலும் 13 ஜிபிதான்.

இப்போது டேலி நின்றுவிட்டது, 400 சீட்டு தேங்கி ஒவ்வொன்றும் 5 நொடிக்கு ஒருமுறை முட்டுகிறது. மணிக்கு 720 முறை, 400 சீட்டு, 12 கேபி. ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3.5 ஜிபி. ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தால் காலை ஆபீஸ் திறப்பதற்குள் 40 ஜிபியைத் தாண்டிவிடும். டிஸ்கை நிரப்பியது ட்ரேஸ் லெவல் இல்லை, இடைவெளி இல்லாத மறுமுயற்சி. லெவலைக் குறைத்தால் நோய் மறையும், போகாது.

லாக் போல்டரை எப்படியும் டி டிரைவுக்கு மாற்றுங்கள். லாக் நிரம்பினால் லாக் மட்டும் நிற்கட்டும்.

ஜெகதளா_லினக்ஸ்

லாக் பைல் பெருத்தால் பழையதை ஒதுக்கிப் புதிதைத் தொடங்கும் லாக்ரொட்டேட் போட்டால் முடிந்தது. 50 எம்பி, 10 பைல், கம்ப்ரெஸ்.

அரவேனு_எக்ஸ்எம்எல்

டேலி ஓடுகிற பெட்டி விண்டோஸ், அதில் லாக்ரொட்டேட் எங்கிருந்து வரும்? லினக்ஸே என்றாலும் அது வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். 50 எம்பி என்று எழுதினாலும் ஓடும்போதுதான் அளவைப் பார்க்கும். நடுவில் 40 ஜிபி வந்தால் அதற்குத் தெரியாது. மணிக்கு ஒருமுறை ஓடும்படி டைமரை மாற்றணும்.

பைத்தானின் ரொட்டேட்டிங் ஹேண்ட்லர் எழுதும்போதே அளவைப் பார்க்கும், அது நல்லது. ஆனால் விண்டோஸில் ஒரு கொக்கி இருக்கிறது. சுழற்றும்போது பழைய பைலுக்குப் பெயர் மாற்றப் பார்க்கும். அந்த நேரத்தில் வேறு ஒரு புரோசஸ் அதே பைலைத் திறந்து வைத்திருந்தால், அது கனெக்டரின் இரண்டாவது காப்பியாக இருந்தாலும் சரி, ஆன்டிவைரஸாக இருந்தாலும் சரி, பெர்மிஷன் எரர் 32 வரும், சுழற்சி நடக்காது. லாகை எழுதும் வேலையை ஒரே புரோசஸுக்குக் கொடுங்கள். மற்றவை க்யூ ஹேண்ட்லர் மூலம் வரிகளை வரிசையில் போட்டு அதற்கு அனுப்பட்டும். அல்லது பெயர் மாற்றமே தேவைப்படாதபடி பைல் பெயரிலேயே தேதியையும் மணியையும் வைத்துவிடுங்கள்.

டாட்நெட்டில் செரிலாக் என்ற லாக் லைப்ரரி வைத்திருப்பவர்களும் கவனிக்கணும். பைல் அளவின் டிபால்ட் உச்சம் 1 ஜிபி. அளவு எட்டினால் புதுப் பைலுக்குப் போ என்ற ஆப்ஷனை நீங்கள் இயக்காவிட்டால் 1 ஜிபியில் சத்தமில்லாமல் எழுதுவதை நிறுத்திவிடும். பிரச்சினை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் லாக் காலியாக இருக்கும்.

கட்டபெட்டு_கணினி

டி டிரைவ், இடைவெளி, ஒரே எழுத்தர், மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் கேள்வி நிற்கிறதே. ஒரு சீட்டு எங்கே தொலைந்தது என்று இன்போவை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பந்தலூர்_அக்கா

முடியும் தம்பி, எல்லா வரியிலும் ஒரே அடையாளம் இருந்தால். ஷெட்டில் சீட்டு பிறக்கும்போதே போன் ஒரு எண்ணை உண்டாக்கணும். சர்வரில், அதாவது பேக்டரி கணினியில், உண்டாக்கினால் சர்வருக்கு வராத சீட்டுக்கு எண்ணே இருக்காது, தேட வேண்டியதும் அந்தச் சீட்டைத்தான். வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2020-இல் தரநிலையாக்கிய ட்ரேஸ்பேரன்ட் ஹெடர் இதற்குத்தான் இருக்கிறது. பதிப்புக்கு 2 எழுத்து, ட்ரேஸ் அடையாளத்துக்கு 32, அனுப்பிய கட்டத்துக்கு 16, கொடிக்கு 2, நடுவில் மூன்று கோடு, மொத்தம் 55 எழுத்து. சின்ன அமைப்புக்கு ஷெட் குறி, தேதி, வரிசை எண் என்று நீயே கட்டினாலும் போதும். ஆனால் போன் ரீசெட் ஆனால் வரிசை எண் 1-இலிருந்து ஆரம்பித்துவிடும், அதனால் போனின் குறியையும் சேர்த்துக்கொள்.

அந்த எண்ணை வைத்துத் தேடினால் நாலு இன்போ வரி வரணும். மூன்றே வந்தால் எங்கே நின்றது என்பது தெரிந்துவிட்டது.

இந்த எண் இன்னொரு வேலையும் செய்யும். போன் 30 நொடி காத்திருந்து டைம்அவுட் என்று விட்டுவிடும், ஆனால் சர்வர் 31-வது நொடியில் சீட்டை ஏற்றியிருக்கும். போன் திரும்ப அனுப்பும், ஒரே கொழுந்துக்கு இரண்டு வவுச்சர். டேபிளில் சீட்டு எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு வை. இரண்டாவது முறை வந்தால் "ஏற்கனவே ஏறியது" என்று பதில் சொல், லாகில் இன்போ போடு. அதை எரர் என்று எழுதுகிறவர்கள் நிறைய. சரியாகப் பிடித்ததற்கு எதற்கு எரர்?

அரவேனு_எக்ஸ்எம்எல்

அக்கா சொன்ன நாலாவது வரி, அதாவது "ஏறியது", டேலியில் எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். வவுச்சரை மறுத்தாலும் எச்டிடிபி பதில் 200 என்றே வரும். உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைப் பிரித்து கிரியேட்டட் எத்தனை, ஆல்டர்டு எத்தனை, எரர்ஸ் எத்தனை என்று பார்க்கணும். மறுத்த காரணம் லைன்எரர் என்ற டேகில் இருக்கும். 200 வந்ததும் "வெற்றி" என்று எழுதும் கனெக்டர் பச்சைப் பொய் எழுதுகிறது. லைன்எரரின் வாசகத்தை முழுதாக எரர் வரியில் போடுங்கள். ஆபீஸில் கணக்குப் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி போதும், ட்ரேஸைத் திறக்கவே வேண்டியிருக்காது.

இன்னொன்று: டேலி கிளையன்ட் பகுதி எரரைப் பிடித்து ஸ்டேக் ட்ரேஸோடு (கோடில் எந்த வழியாக எரர் வந்தது என்ற பட்டியல், ட்ரேஸ் லெவல் இல்லை) எழுதி மேலே வீசும், அதற்கு மேல் உள்ள பகுதி மறுபடி எழுதி வீசும், கடைசியில் மெயின் லூப்பும் எழுதும். ஒரு கோளாறு, மூன்று எரர். எழுது, இல்லையேல் வீசு, இரண்டையும் செய்யாதே. எழுத வேண்டிய இடம் சீட்டின் கதியை முடிவு செய்யும் இடம் மட்டும்தான்.

கூடலூர்_மழை

நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். போன் ஐஎஸ்டியில் (இந்திய நேரம்) எழுதும், சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதும். பகல் சீட்டுக்கு நேரம் ஐந்தரை மணி தள்ளியிருந்தாலும் தேதி ஒன்றாகவே இருக்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நள்ளிரவு 12-இலிருந்து 5.30-க்குள் வந்து சேரும் லாரியின் சீட்டு மட்டும் யுடிசியில் முந்தைய தேதியில் உட்கார்ந்துகொள்ளும். தேதி வைத்துத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. எங்கே எழுதினாலும் +05:30 என்பதைச் சேர்த்து எழுதணும். ஷெட் போனின் கடிகாரத்தை நம்பவும் கூடாது. எடை போட்ட நேரம், சர்வருக்கு வந்த நேரம், இரண்டும் தனித்தனிப் புலமாக இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஷெட்டில் சிக்னல் எப்படி என்பதைச் சொல்லும்.

கட்டபெட்டு_கணினி

சரி, அப்படியென்றால் ட்ரேஸுக்கு எப்போது வேலை?

குந்தா_பவர்ஹவுஸ்

எதிர்ப்பக்கம் என்ன அனுப்பியது என்பதில் சந்தேகம் வரும்போது மட்டும். அப்போதும் மொத்தக் கனெக்டருக்கும் திறக்காதீங்க. ஷெட் குறி ஒன்று, முடியும் நேரம் ஒன்று, இரண்டையும் கேட்கிற ஸ்விட்ச் வைங்க: "7-ஆம் ஷெட், மாலை 4.30 வரை". நேரம் ஆனதும் தானாக இன்போவுக்குத் திரும்பணும். திறக்கிறவருக்கு மூடுகிற ஞாபகம் இருக்காது.

அதைவிட நல்லது, ட்ரேஸை எப்போதும் மெமரியில் வைத்திருந்து எரர் வந்தால் மட்டும் பைலில் கொட்டுவது. எரருக்கு முந்தைய 200 வரி கையில் கிடைக்கும், மற்ற நேரத்தில் டிஸ்கில் ஒன்றும் ஏறாது. பைத்தானில் மெமரி ஹேண்ட்லர் என்று ஒன்று இருக்கிறது, அதை அப்படியே போட்டு ஏமாறாதீங்க. எரர் வந்தால் கொட்டும், சரி. கொள்ளளவு நிரம்பினாலும் கொட்டும். 200 வரிக்கு ஒருமுறை எல்லாமே டிஸ்குக்குப் போய்விடும். பழையதைத் தள்ளிப் புதியதை வைக்கிற டெக்கை, மேக்ஸ்லென் 200 என்று, நீங்களே ஒரு ஹேண்ட்லருக்குள் வைக்கணும். எழுத இருபது வரி கோட் ஆகாது.

ட்ரேஸ் வரியைக் கோடில் வைப்பதற்கே ஒரு விலை உண்டு. லெவல் மூடியிருந்தாலும், லாக் வரிக்குள் எக்ஸ்எம்எல்லை ஸ்ட்ரிங்காக்கும் பங்ஷனைக் கூப்பிட்டிருந்தால் அது ஓடிவிட்டுத்தான் தூக்கி எறியப்படும். ஃபார்மட்டை லாகரிடம் விட்டால் சேர்க்கும் வேலைதான் மிச்சம், உள்ளே கூப்பிட்ட பங்ஷன் நிற்காது. லெவல் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்க, பிறகு கட்டுங்க.

பந்தலூர்_அக்கா

ட்ரேஸைத் திறக்கும் முன்னே அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா தம்பி? விவசாயி பெயர், போன் நம்பர், பேங்க் அக்கவுண்ட், சில இடத்தில் ஆதார். அந்த பைலை வாட்ஸ்அப்பில் வெளியாளுக்கு அனுப்பி "என்ன எரர்னு பாருங்க" என்பார்கள். மறைக்கும் வேலையை லாகருக்குள் ஒரு ஃபில்டராக வை. ஒவ்வொரு இடத்திலும் எழுதுகிறவர் நினைவு வைத்து மறைப்பார் என்று விட்டால் ஒரு இடம் தப்பும். ஆதாருக்கு முதல் 8 இலக்கம் மறைத்துக் கடைசி 4 மட்டும், அக்கவுண்டுக்கும் அப்படியே. ஆத்தரைசேஷன் ஹெடரில் ஒரு எழுத்துகூட வேண்டாம். மெமரியில் கிடந்து பிறகு கொட்டுவதற்கும் இது பொருந்தும், ஹேண்ட்லருக்குள் போகும் முன்பே மறைத்துவிடு.

எத்தனை நாள் வைப்பது என்ற கேள்வியும் வரும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவு லாகை 180 நாள் வைக்கச் சொல்கிறது, கடிகாரத்தை நெட்வொர்க் வழியே நேரம் தரும் என்டிபியோடு ஒத்துவைக்கவும் சொல்கிறது. இன்போவும் அதற்கு மேலும் கம்ப்ரெஸ் செய்து 180 நாள் இருக்கட்டும். பேலோட் (அனுப்பிய, வந்த முழு உள்ளடக்கம்) உள்ள ட்ரேஸ் பைல் தனியாக, ஒரு வாரத்தில் அழியும்படி.

ஜெகதளா_லினக்ஸ்

தமிழ்ப் பெயர் இருக்கும் பேலோடை 1,024 பைட்டில் வெட்டி லாகில் போடுகிறவர்கள் கவனத்துக்கு. யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "கி" என்பது இரண்டு குறி, 6 பைட். 1,024 என்பது 3-ஆல் வகுபடாது, நடுவில் ஆங்கில எழுத்து கலந்தால் கேட்கவே வேண்டாம். வெட்டு குறிக்கு நடுவில் விழுந்தால் அந்த வரி செல்லாத யுடிஎஃப்-8. ஜேசான் லாகைப் படிக்கும் கருவி அந்த வரியையே தூக்கிப் போடும். குறி எண்ணிக்கையில் வெட்டுங்கள், பைட்டில் வேண்டாம்.

கூடலூர்_மழை

கரண்ட் திடீரென்று போய் வந்த பிறகு லாக் பைலின் கடைசியில் நல் பைட், அதாவது மதிப்பு 0 உள்ள வெற்று பைட், வரிசையாக நிற்கும். சில ரீடர்கள் அதைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். வார்னிங்குக்கு மேல் உள்ளதை எழுதியதும் டிஸ்கிற்கு ஃப்ளஷ் செய்யுங்கள், மற்றதற்கு வேண்டாம், வேகம் போய்விடும். யூபிஎஸ் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், பேட்டரி செத்திருக்கும்.

கட்டபெட்டு_கணினி

இன்னும் ஒன்றுதான் மிச்சம். வாசல் தராசில் சில எடை சரியாக வருகிறது, சில பாதி வருகிறது. 35.60 சரி. 12.50 வெறும் .50 ஆகிறது. எரர் எதுவும் இல்லை. தராசுக் கம்பெனி கேபிளை மாற்றச் சொல்கிறார்கள். ட்ரேஸ் வரியில் ஒன்றும் புரியவில்லை.

குந்தா_பவர்ஹவுஸ்

ட்ரேஸில் ஸ்ட்ரிங்காக எழுதியிருப்பீங்க. ஒவ்வொரு பைட்டையும் ஹெக்ஸ் எண்ணாக (16-அடிமானம்) எழுதிப் பாருங்க. '1' என்பதற்கு 31 வர வேண்டிய இடத்தில் பி1, '2'-க்கு 32 வர வேண்டிய இடத்தில் பி2 என்று இருக்கும்.

கட்டபெட்டு_கணினி

ஆமாம். 0, 3, 5 எல்லாம் சரியாக இருக்கிறது, 1, 2, 4 மாறியிருக்கிறது.

குந்தா_பவர்ஹவுஸ்

கேபிளை விடுங்க. தராசு 7 பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்புகிறது, அதாவது 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகும்படி சரிபார்க்க ஒரு பிட் சேர்க்கிறது. நீங்கள் சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் லைப்ரரியை டிபால்ட்டில் திறந்திருக்கீங்க, அது 8 பிட், பாரிட்டி இல்லை. அதனால் பாரிட்டி பிட் எட்டாவது டேட்டா பிட்டாக உள்ளே வருகிறது. 0, 3, 5, 6, 9 இந்த ஐந்து எழுத்துக்கும் பைனரியில் 1-கள் இரட்டைப்படை, பாரிட்டி 0, எழுத்து மாறாது. 1, 2, 4, 7, 8-க்கு ஒற்றைப்படை, பாரிட்டி 1 ஆகி மேல் பிட் ஏறிவிடும். அதைப் படிக்கும் இடத்தில் டிகோடுக்கு "இக்னோர்" என்று கொடுத்திருப்பீங்க, செல்லாத பைட்டை அது சத்தமில்லாமல் தின்றுவிடும். புள்ளியில் 1-கள் நாலு, அதனால் அதுவும் தப்பித்து .50 என்று நிற்கிறது.

பைட்சைஸ் 7, பாரிட்டி ஈவன் என்று மாற்றுங்க. "இக்னோர்" எடுத்துவிட்டு "ஸ்ட்ரிக்ட்" வைங்க. டிகோட் ஆகாத எடையை எரராக எழுதி, ஹெக்ஸையும் அதே வரியில் போடுங்க. போர்ட்டைத் திறக்கும்போது பாட் ரேட், பிட், பாரிட்டி மூன்றையும் ஒரு இன்போ வரியாக எழுதிவிடுங்க. தராசை சர்வீஸுக்குக் கொண்டுபோய்த் திருப்பி வைத்தால் செட்டிங் மாறியே வரும்.

பந்தலூர்_அக்கா

மாற்றியதும் பழைய சீட்டையும் பார் தம்பி. வாசல் எடையில் 1, 2, 4, 7, 8 எந்த இடத்திலும் வராத சீட்டு மட்டும்தான் நம்பத்தக்கது. மீதியை ஷெட் எடையோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் மாதப் பட்டுவாடாவைத் தொடணும்.